போன் வீடியோவை டிவியில் போட்டபோது மறக்க முடியாத ஒன்று நடந்திருக்கா? பகிருங்க

திண்டுக்கல்லான்

மூணு மாசமாச்சு, இன்னும் மனசு ஆறல. பையனோட ஆண்டுவிழா டான்ஸை அம்மா பெரிசா பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க. போன் திரையை அப்படியே டிவியில ஏத்தினேன். அம்மா கீழ உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிச்சுக்கிட்டே பார்த்தாங்க. பேரன் மேடைக்கு வர்ற நேரம் பார்த்து மேல அக்காவோட மெசேஜ் வந்து விழுந்துச்சு: "பயாப்ஸி ரிசல்ட்டை அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

43 இன்ச் டிவி. கடை போர்டு மாதிரி நிக்குது எழுத்து. அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. அவங்க உதடு அசையறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். போன் என் கையிலதான் இருந்துச்சு, அந்த மெசேஜைத் தள்ளிவிடணும்னு தோணவே இல்ல. அவங்க ஒண்ணுமே கேட்கல. "முதல்லேருந்து போடுப்பா, அவன் வந்ததைச் சரியா பார்க்கல"ன்னாங்க.

வைத்தியம் நல்லா போயிட்டிருக்கு. ஆனா அந்தச் சேதியை நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லியிருக்கணும்.

சேலம் வாசு

அம்மா நல்லபடியா குணமாகட்டும் சகோ. மாமனார் வீட்ல எனக்கும் இதே மாதிரி, பேங்க் மெசேஜ்ல என் கணக்கு பாக்கி மொத்தமும் எல்லார் முன்னாடியும் வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், நீங்க பண்ணது மிரரிங். போன்ல என்ன தெரிஞ்சாலும் டிவியிலயும் தெரியும். காஸ்ட் பண்றது வேற. யூடியூப்ல மேல ஒரு பெட்டி, அதோட மூலையில வைஃபை கோடுகள் மாதிரி ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டா, எந்த வீடியோன்னு மட்டும்தான் போன் சொல்லும். வீடியோவை டிவியே நெட்லேருந்து எடுத்துக்கும். நீங்க போனைப் பூட்டிட்டுப் பைல போட்டுக்கலாம், போன் வந்தா பேசலாம், படம் பாட்டுக்கு ஓடும். நம்ம எடுத்த வீடியோவுக்கு கூகுள் போட்டோஸ்லயும் அந்தக் குறி உண்டு. போனும் டிவியும் ஒரே வைஃபையில இருக்கணும், அவ்வளவுதான். மிரரிங்தான் வேணும்னா முதல்ல டிஎன்டி (டூ நாட் டிஸ்டர்ப், தொந்தரவு வேண்டாம்னு வைக்கிற செட்டிங்) போடுங்க. அதுலயும் சத்தத்தை மட்டும் நிறுத்தினா பத்தாது, நோட்டிபிகேஷன் கண்ணுக்கே தெரியாதபடி மறைக்கிற செட்டிங்கையும் போடணும். பல பேர் இதை விட்டுடறாங்க.

மணப்பாறை மருமகள்

வாசு அண்ணா, நீங்க சொல்ற காஸ்ட் எங்க ஊருக்கு ஆகாது. வீட்டுக்கு வைஃபை கனெக்‌ஷனே இல்ல, டவரும் மொட்டை மாடிக்குப் போனாத்தான். மிராகாஸ்ட்னு ஒரு மிரரிங் முறை இருக்கு, அதுக்கு நெட்டே வேண்டாம், போனும் டிவியும் நேரா பேசிக்கும். மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டா வாட்ஸ்அப் எப்படி வரும்? மிரரிங்கையே குறை சொல்லாதீங்க.

என் கதை வேற. அப்பத்தாவோட 80-ஆவது பிறந்தநாள். அவங்க தம்பி சிங்கப்பூர்ல இருக்கார், வர முடியல. ஐபோன்ல பேசி எடுத்து அனுப்பின வீடியோவை என் வீட்டுக்காரர் பென்டிரைவ்ல போட்டு டிவியில சொருகினார். குரல் வருது, படம் வரல. கறுப்பாவே இருக்கு. அப்பத்தா எழுந்து போய் டிவி மேல கைய வெச்சு, "ஏய் தம்பி, இருட்டுல உட்கார்ந்தா பேசுற, லைட்டைப் போடுடா"ன்னாங்க. வந்தவங்க சிரிச்சாங்க, எனக்கு அழுகை வந்துருச்சு. அப்பத்தா கைய எடுக்காம முழுசும் கேட்டாங்க.

ஐபோன் வீடியோவை இடம் கம்மியா பிடிக்கிற மாதிரி சுருக்கற ஹெச்இவிசி முறையில சேமிக்குதாம், எங்க 2014 டிவிக்கு அது புரியாதாம். கேமரா செட்டிங்ல பார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வெச்சு எடுத்தா பழைய டிவியிலயும் ஓடும். மறுநாள்தான் தெரிஞ்சுது.

அடையார் அம்மு

எங்க அபார்ட்மென்ட்ல எனக்கும் மேல்மாடி தாத்தாவுக்கும் ஒரே மாடல் டிவி. மிரரிங் பட்டியல்ல ஒரே பேர் ரெண்டு தடவை வரும். ஒருநாள் பாப்பாவுக்கு "நிலா நிலா ஓடி வா" போட்டேன், எங்க டிவியில வரவே இல்ல. திரும்பத் திரும்ப அழுத்தினேன். மேலேருந்து பாட்டுச் சத்தம் கேட்குது! அவர் டிவியில அனுமதி கேட்டிருக்கு, அவரும் ஓகே அழுத்தியிருக்கார்.

ஓடிப் போய் மன்னிப்பு கேட்டேன். சோபா நுனியில உட்கார்ந்திருந்தார், தனியாத்தான் இருக்கார். "நிறுத்திடாதேம்மா, முடியட்டும்"னார். அதுக்கப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டாவது பேரையும் ஒரு தடவை தொட்டுடுவேன். பாப்பா மேல பார்த்து "தாத்தா, பாட்டு!"ன்னு கத்தும்.

போன மாசம் மகன் வந்து அவரை பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். டிவியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பட்டியல்ல இப்ப ஒரு பேர்தான் வருது. ஆறு மணியானா பாப்பா இன்னும் மேல பார்க்குது.