ஆட்சி மாறினால் தேசியக் கொடியும் மாற வேண்டுமா?

ராயபுரம் வாசகன்:
2024 டிசம்பரில் அசாத் ஆட்சி வீழ்ந்ததும், சிரியாவில் சிவப்பு, வெள்ளை, கறுப்புக் கொடி இறக்கப்பட்டு, மூன்று சிவப்பு விண்மீன்கள் கொண்ட பச்சை, வெள்ளை, கறுப்புக் கொடி ஏற்றப்பட்டது. 1932இல் உருவான அந்தப் பழைய கொடியை அசாத்தின் எதிர்ப்பாளர்கள் 2011 முதலே ஏந்தி வந்தார்கள். இந்த மாற்றம் முறையானது என்பது என் கருத்து. எந்தக் கொடி பறந்த சிறையில் தந்தை வதைபட்டாரோ, அதே கொடிக்கு மகன் பள்ளியில் வணக்கம் செலுத்த வேண்டும் என்பது நியாயமாகாது. லிபியாவும் 2011இல் கடாஃபியின் வெறும் பச்சைக் கொடியைக் கைவிட்டு 1951ஆம் ஆண்டுக் கொடிக்கே திரும்பியது.

திருவல்லிக்கேணி ஆசிரியை:
ஐயா, 1989இல் புக்கரெஸ்ட் வீதிகளில் இறங்கிய ருமேனிய மக்கள் கொடியின் நடுவிலிருந்த கம்யூனிஸ்ட் சின்னத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு, ஓட்டை விழுந்த அதே மூவண்ணத்தை ஏந்தி நின்றார்கள். ஆட்சியை வெறுத்தவர்களுக்கு வண்ணங்களின் மீது பகை இருக்கவில்லை. மறுபுறம் மலாவியைப் பாருங்கள்: 2010இல் ஓர் அதிபர் உதயசூரியனை முழுச் சூரியனாக்கினார்; 2012இல் அடுத்தவர் வந்து பழையபடி ஆக்கினார். (உதயசூரியன் என்றதும் நம் ஊர் நினைவு வந்தால் நான் பொறுப்பில்லை.) வென்றவர்களுக்கெல்லாம் இந்த உரிமையைக் கொடுத்தால், தேசியக் கொடியும் தெருமுனைக் கட்சிக் கொடிக்கம்பத்தின் கதிக்கு வந்துவிடும்.

ராயபுரம் வாசகன்:
மலாவியில் நடந்தது ஓர் அதிபரின் விருப்பம், அம்மா. நான் பேசுவது அரசின் அடித்தளமே மாறும் தருணத்தைப் பற்றி. தென்னாப்பிரிக்காவின் 1928ஆம் ஆண்டுக் கொடியின் நடுவில் பிரிட்டன் கொடியும் டச்சு வம்சாவளி வெள்ளையரான போயர்களின் இரண்டு பழைய குடியரசுகளின் கொடிகளும் இருந்தன. கறுப்பின மக்களுக்கு அதில் ஓர் ஓரம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு மண்டேலா பதவியேற்றிருக்க முடியுமா?

திருவல்லிக்கேணி ஆசிரியை:
முடியாது, ஆனால் அது எப்படி மாறியது என்பதையும் சொல்லுங்கள். பொதுமக்கள் அனுப்பிய ஏறத்தாழ 7000 வரைவுகளில் எதுவும் தேறாமல், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஃபிரெடெரிக் பிரவுனெல் வரைந்த கொடியை வெள்ளையர் அரசு, மண்டேலாவின் கட்சி ஆகிய இரு தரப்பும் இடைக்கால ஏற்பாடாக ஒப்புக்கொண்டன. 1994 ஏப்ரல் 27 அன்று ஏறிய அக்கொடியை மக்கள் தமதாக்கிக்கொண்ட பிறகே 1996ஆம் ஆண்டு அரசமைப்பு நிரந்தரமாக்கியது.

பெரம்பூர் பயணி:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈராக்கில் 2004இல், அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் நியமிக்கப்பட்ட ஆட்சிமன்றம், வெள்ளைப் பரப்பில் நீலப் பிறையும் நீலக் கோடுகளும் கொண்ட ஒரு கொடியை முன்வைத்தது. இஸ்ரேல் கொடியின் சாயல் என்று எழுந்த எதிர்ப்பில் அது காணாமல் போனது. எனவே மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருந்தார்கள் என்பதே கேள்வி என்று சொல்லத் தோன்றும். ஆனால் இலங்கையின் கொடிக் குழுவில் தமிழரும் இருந்தனரே! சிங்கத்தின் எல்லைக்கு வெளியே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இரண்டு பட்டைகள் ஒதுக்கப்பட்டபோது அக்குழுவிலிருந்த தமிழரான செனட்டர் நடேசன் உடன்படவில்லை; ஆயினும் 1951இல் அந்தக் கொடியே நிலைபெற்றது. இடம் கொடுத்தும், கேட்டவர் மனம் ஒப்பாத கொடியை என்னவென்பது?

ராயபுரம் வாசகன்:
அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. பழைய மன்னனின் சிங்கக் கொடியை அப்படியே வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒட்டுப்போட்டதால் வந்த வினை அது. புதிதாக வரைந்திருந்தால் ஓரம் யாருக்கு என்ற பேச்சே எழுந்திருக்காது.

திருவல்லிக்கேணி ஆசிரியை:
புதிதாக வரையாமலும் செய்யலாம். காங்கிரசின் கொடியே நாட்டின் கொடியாகிவிடக் கூடாது என்பதால், 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை மூவண்ணத்தை வைத்துக்கொண்டு இராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரத்தை ஏற்றது. காந்திக்கு அது உவப்பாக இல்லை. வென்ற தரப்பு தன் அடையாளத்தில் ஒன்றையாவது விட்டுக்கொடுத்தது. சிரியாவில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? 2025 மார்ச் மாத அரசமைப்புப் பிரகடனம் புதிய கொடியை உறுதிசெய்தது உண்மைதான்; அந்தப் பிரகடனமே இடைக்காலத்துக்கு உரியது. நிரந்தர அரசமைப்பை எழுதும்போது சிறுபான்மையினரான அலாவியரும் குர்துகளும் ட்ரூஸ் மக்களும் அமர்ந்திருக்கும் அவையில் அந்தக் கொடி மறுபடி விவாதத்துக்கு வரட்டும். அதுவரை அதை இடைக்காலக் கொடி என்றே நான் கொள்வேன்.