சோடியம் கரண்ட் ஐவி கர்வ் (கரண்ட்-வோல்டேஜ் வரைபடம்) ஒரே ஜம்ப்பா வருது, பிரச்சனை ஆம்ப்ளிஃபயர்லயா செல்லுலயா?

பைப்பெட்புல்லர்:
வணக்கம் மக்களே. ஹெக் 293 செல்லுல (மனித கிட்னி செல் லைன்) என்ஏவி 1.5 (இதய சோடியம் சேனல்) ஸ்டேபிள் லைன் வச்சு ஹோல் செல் பேட்ச் க்ளாம்ப் பண்றேன், அதாவது கண்ணாடி பைப்பெட்டை செல்லுல ஒட்டி உள்ள போய், வோல்டேஜை பிடிச்சு வச்சு கரண்டை அளக்கறது. ஆம்ப்ளிஃபயர் ஆக்ஸோபேட்ச் 200பி. சீல் (பைப்பெட்டும் செல்லும் ஒட்டற இடம்) ஈஸியா கிகா ஓம் தாண்டுது, சக்ஷன் குடுத்து உள்ள போறதும் சுத்தமா நடக்குது. -120ல ஹோல்ட் பண்ணி 5 மில்லிவோல்ட்டா ஏத்திட்டு போனா -60 வரைக்கும் ஒண்ணுமே இல்ல, -55ல சின்னதா ஏதோ அசையுது, -50ல டமால்னு 6 நானோ ஆம்ப் வந்து நிக்குது. பீக் வர்ற நேரமும் லேட்டா இருக்கு. சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் (பைப்பெட்டுக்கும் செல் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தடை) 8 மெகா ஓம், அதை ஆம்ப்ளிஃபயர் ஈடுகட்டற காம்பென்சேஷன் ஆஃப்ல தான் இருக்கு, ஏன்னா ஆன் பண்ணி ஏத்தினா ட்ரேஸ் ஆட ஆரம்பிச்சு செல் போயிடுது. சீனியர் ஒருத்தர் செல் பேசேஜை (பிரிச்சு பிரிச்சு வளக்கற செல் தலைமுறை) மாத்துங்கறார். மாத்தணுமா?

ஓம்விதி:
செல்லை விடுங்க பாஸ், பேசேஜ் மாத்தினா எதுவும் மாறாது. 6 நானோ ஆம்பை 8 மெகா ஓமால பெருக்குங்க, 48 மில்லிவோல்ட். நீங்க -50 குடுக்கறதா நினைக்கறீங்க, ஆனா பீக் சமயத்துல மெம்ப்ரேன் -2 கிட்ட நிக்குது. கொஞ்சம் சேனல் திறந்தா வோல்டேஜ் மேல போகுது, மேல போனா இன்னும் சேனல் திறக்குது, அதான் கர்வ் படியா ஏறாம ஒரே தாவா தாவுது. இது க்ளாம்ப்பே இல்ல, செல் இஷ்டத்துக்கு ஓடுது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி, காட்ஸ் மூணு பேரும் 1952ல வெளியிட்ட ஸ்க்விட் ஆக்ஸான் (கணவாய் நரம்பிழை) வேலையிலயே இந்த ரெசிஸ்டன்ஸுக்கு தனியா ஃபீட்பேக் காம்பென்சேஷன் போட்டும் பார்த்திருக்காங்க, புதுசா வந்த தலைவலி இல்ல இது.

பழையரிக்:
மேல சொன்னது கரெக்ட். ஆட்டம் ஏன் வருதுன்னா அனேகமா ஆர்டர் தப்பு. சீல் ஆன உடனே, உள்ள போறதுக்கு முன்னாடியே பைப்பெட் கெபாசிட்டன்ஸ் நாபை திருப்பி அந்த ஊசி மாதிரி ட்ரான்சியன்ட்டை அடக்கணும். அப்புறம் உடைச்சு உள்ள போய் ஹோல் செல் கெபாசிட்டன்ஸ், சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் ரெண்டு டயலையும் மாத்தி மாத்தி தொட்டு ட்ரேஸை தட்டையாக்கணும். அதுக்கப்புறம் தான் காம்பென்சேஷன் பர்சன்டேஜ், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. ஆடினா லேக் நாபை (காம்பென்சேஷனை கொஞ்சம் மெதுவாக்கறது) லைட்டா ஏத்துங்க. பைப்பெட் நுனிக்கு கொஞ்சம் மேல பாராஃபில்ம் சுத்திட்டு பாத்ல தண்ணி லெவலையும் கொறைச்சா கெபாசிட்டன்ஸ் நல்லாவே கொறையும், அப்போ 80 பர்சன்ட் வரைக்கும் தாங்கும். நிறைய பேர் பாத் லெவலை கவனிக்கறதே இல்ல, அது தான் எனக்கு எரிச்சல்.

ஓம்விதி:
80 பர்சன்ட் போட்டாலும் மிச்சம் 1.6 மெகா ஓம், 6 நானோ ஆம்புக்கு கிட்டத்தட்ட 10 மில்லிவோல்ட் எரர் அப்படியே இருக்கும், ஆக்டிவேஷன் கர்வுக்கு (எந்த வோல்டேஜ்ல எவ்ளோ சேனல் திறக்குதுன்னு காட்டறது) அது ரொம்ப ஜாஸ்தி. நான் மொதல்ல கரண்டை தான் கொறைப்பேன். வெளி சொல்யூஷன்ல சோடியத்தை 140லேர்ந்து 40 மில்லிமோலாருக்கு இறக்கிட்டு மிச்சத்துக்கு என்எம்டிஜி (சேனல் வழியா போகாத பெரிய அயனி) போடுங்க, டிடிஎக்ஸ் (சோடியம் சேனலை அடைக்கற விஷம்) போட்டு கொறைக்கலாம்னு யாராவது சொன்னா இந்த சேனலுக்கு மைக்ரோமோலார் கணக்குல ஊத்தணும், வேண்டாம். கூடவே சின்ன செல்லா, தனியா உக்காந்திருக்கறதா பாத்து எடுங்க, பக்கத்து செல்லோட ஒட்டியிருந்தா கதை வேற. பைப்பெட்டும் 2 மெகா ஓம் கிட்ட இழுங்க.

பைப்பெட்புல்லர்:
ரொம்ப தேங்க்ஸ் ரெண்டு பேருக்கும். நான் இவ்ளோ நாளா உள்ள போனப்புறம் தான் எல்லா நாபையும் ஒண்ணா திருப்பிட்டு இருந்தேன். ஒரு டவுட், சோடியம் கொறைச்சா ரிவர்சல் (கரண்ட் திசை மாறுற வோல்டேஜ்) மாறுமே, கன்டக்டன்ஸ் கணக்கு தப்பாகாதா?

பழையரிக்:
மாறும், மாறணும். செல் உள்ள சோடியம் 10 மில்லிமோலார்னா 67 மில்லிவோல்ட் பக்கத்துல இருந்தது 35 பக்கத்துக்கு வந்துடும். கணக்குல 67ஐ போடாம உங்க ஐவி கர்வ் ஜீரோ கரண்ட் லைனை எங்க தாண்டுதோ அதை போடுங்க. என்எம்டிஜியை ஹைட்ரோக்ளோரிக் ஆசிட் விட்டு பிஎச் 7.4க்கு கொண்டு வந்துட்டு ஆஸ்மோலாரிட்டியும் ஒரு தடவை மீட்டர்ல பாத்துடுங்க.