டிராக்டர், டிரெய்லர் பயிற்சிக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடி வயல்காரன்:
குறுவைக்கு முன்னால் டிரெய்லர் இழுக்கும் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தேன். சேற்றில் இறங்கிய வண்டியை இன்னொரு டிராக்டரால் இழுக்கும் பாடம். கூட வந்த பையன் சங்கிலியைக் கீழே டிராபாரில் (பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மாட்டாமல், பின் அச்சுக்கு மேலே டாப் லிங்க் (கருவியைப் பிடிக்கும் மேல் கம்பி) மாட்டும் இடத்தில் சுற்றிவிட்டான். மேலே கட்டினால் இழுவை கூடும் என்று ஊரில் சொல்வார்களே, அதை நம்பித்தான். கிளட்சை விட்டான். சங்கிலி விறைத்தது, முன் சக்கரம் இரண்டும் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பிவிட்டன. "கிளட்ச்! கிளட்ச்!" என்று பயிற்சியாளர் கத்தினார். பையன் மிதித்துவிட்டான், வண்டி தொப்பென்று இறங்கியது. அந்த இரண்டு சக்கரமும் காற்றில் சுற்றியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் வண்டி பின்பக்கமாகப் புரண்டு ஓட்டுபவர் மேலேயே விழும், மீள முடியாத நிலைக்குப் போக ஒரு விநாடி கூட ஆகாது என்றார்.

திருத்துறைப்பூண்டி பெரியவர்:
தம்பி, சங்கிலியை மட்டும் குறை சொல்லாதீர்கள். கிளட்சை வெடுக்கென்று விட்டால் எங்கே கட்டினாலும் முன்பக்கம் தூக்கும். எங்கள் பக்கம் களிமண், பின் டயர் பதிந்துவிட்டால் உருளாது. சக்கரம் சுற்ற முடியாதபோது இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தைத்தான் தூக்கும். அப்படித் தூக்க, பின்னால் எதையும் இழுக்கக்கூட வேண்டாம். பதிந்துவிட்டால் டயருக்குப் பின்னால் மண்ணை வெட்டிவிட்டு ரிவர்ஸில் வெளியே எடுங்கள். ரிவர்ஸில் முன்பக்கம் அழுந்துமே தவிர எழும்பாது. டயருக்கு முன்னால் மரக்கட்டையைக் கட்டி ஏற்றுகிறார்களே, அதைச் செய்யவே கூடாது. இழுத்தே ஆக வேண்டுமென்றால் நீளமான சங்கிலி, குறைந்த கியர், முதலில் சங்கிலி விறைக்கும்வரை மெதுவாக நகர்த்த வேண்டும். யாரும் சங்கிலிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, அறுந்தால் காலை வாங்கிவிடும். பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள். இதையெல்லாம் பயிற்சியில் சொன்னார்களா?

மன்னார்குடி வயல்காரன்:
சொன்னார்கள் ஐயா. ஆனால் அந்தப் பையன் கிளட்சை மெதுவாகத்தான் விட்டான். நான் பக்கத்திலேயே நின்றேன். கட்டிய இடம்தான் காரணம்.

நீடாமங்கலம் தங்கச்சி:
எங்கள் குழுவில் பெண்கள் சேர்ந்து டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டோம். டிரெய்லர் மாட்டும் நாளில், டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் பின் (ஆணி) போட்டதும் கிளம்பப் பார்த்தோம். சொல்லிக் கொடுத்தவர் எங்களை நிறுத்தி, பின்னுக்குக் கீழே மாட்டும் கிளிப்பைக் கையில் எடுத்துக் காட்டினார். கிளிப் இல்லாமல் பின்னைப் போட்டு வண்டியை மேடு பள்ளத்தில் நகர்த்தினார். ஒரு குலுக்கில் பின் மேலே ஏறிவந்தது. அதைப் பார்த்ததிலிருந்து, கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும் வண்டிகளைப் பார்த்தாலே என் கண் முதலில் அங்கேதான் போகிறது. பாதி வண்டியில் கம்பியை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். 40 கிலோ சிப்பம் நூறு ஏற்றினால் 4 டன், அதைத் தாங்குவது அந்த ஒரு பின். வாய்க்கால் பாலத்தில் கழன்றால் என்ன ஆகும் அண்ணே?

கும்பகோணம் டு கனடா:
இங்கே கேரவன் (காரின் பின்னால் இழுக்கும் வீடு போன்ற டிரெய்லர்) இழுக்கப் பயிற்சி எடுத்தேன். கொக்கிக்குப் பூட்டு, அது போக இரண்டு சங்கிலி, அவற்றைக் குறுக்காகக் கட்ட வேண்டும். கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். கொக்கியில் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் அதிகமானால் வேகத்தில் வால் ஆடும். அப்போது வண்டியின் பிரேக்கை அழுத்தவே கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு டிரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும். ரிவர்ஸுக்கு ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் கை வைத்து, டிரெய்லரின் பின்புறம் போக வேண்டிய பக்கம் கையை நகர்த்தினால் போதும்.

திருத்துறைப்பூண்டி பெரியவர்:
தம்பி, நம் ஊர் விவசாய டிரெய்லர் பலவற்றில் தனி பிரேக்கே கிடையாது. பாலத்திலிருந்து இறங்கும்போது பாரம்தான் டிராக்டரைத் தள்ளும். நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டிராக்டரில் பின் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஆற்றுக்குள் திரும்பிவிடும். உங்கள் ரிவர்ஸ் கணக்கு இரண்டு சக்கர டிரெய்லருக்குச் சரி. நான்கு சக்கரத்துக்கு முன் அச்சும் தனியாகத் திரும்பும், அங்கே தலைகீழாகிவிடும்.

நீடாமங்கலம் தங்கச்சி:
ஐயா, அந்தப் பெடல் கொக்கியை நாங்கள் வயலில் கழற்றிவிட்டு ரோட்டுக்கு வரும்போது மாட்டுகிறோம். இரவில் மூட்டை ஏற்றிப் போகும்போது பின்னால் ஒட்ட ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எங்கே வாங்குகிறீர்கள்? நீடாமங்கலத்தில் கேட்டால் லாரிக்கு ஒட்டும் அகலமான சிவப்புப் பட்டைதான் காட்டுகிறார்கள், அதையே ஒட்டலாமா?

திருத்துறைப்பூண்டி பெரியவர்:
ஒட்டலாம்மா. சேறு படிந்தால் தெரியாது, கிளம்பும் முன்னால் துணியால் துடைத்துவிடுங்கள்.