'இன்ஃபாமியா'வுக்கு 'அவமானம்' சரியா?

நூல்முனை:
ரோமச் சட்டம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். திரும்பத் திரும்ப வரும் லத்தீன் சொல் 'இன்ஃபாமியா'. அகராதியில் அவமானம், அவப்பெயர், இழுக்கு, அவதூறு என்று வரிசையாக இருக்கிறது. எதை எடுப்பது?

கல்லெழுத்து:
அவதூறை முதலில் தள்ளுங்கள். அது ஒருவர்மேல் பொய்யாகப் பரப்பும் பேச்சு. இதுவோ சட்டம் ஏற்றிவைக்கும் நிலை. திருட்டு, மோசடி வழக்கில் தோற்றால் வரும். காப்பாளராக இருந்து சிறுவரின் சொத்தில் கைவைத்ததாகத் தீர்ப்பானாலும் வரும். திருட்டு வழக்கில் காசு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டவனும் தப்ப முடியாது. நாடக நடிகனுக்குத் தொழிலாலேயே வந்துவிடும். வந்தபின் பதவி கிடையாது. நெருங்கிய உறவினர் சிலரைத் தவிரப் பிறருக்காக வழக்காடவும் முடியாது.

'அவமானம்' ஏன் ஒட்டாது என்றால், அதனோடு வரும் வினையைப் பாருங்கள். அவமானம் 'படுகிறோம்'. பழியை 'சுமத்துகிறார்கள்', 'ஏற்கிறோம்', 'துடைக்கிறோம்'. வெட்கமே இல்லாதவன் மேலும் பழி நிற்கும். என் ஓட்டு பழிக்கு.

ஊமத்தம்பூ:
வெறும் 'பழி' என்றால் பழிவாங்கல் குறுக்கே வரும். "பழிக்கு ஆளானான்" என்பதில் உரிமை போனதும் தெரியாது. முதல் இடத்தில் 'உரிமையிழக்கச் செய்யும் பழி' என்று விரித்துவிட்டு, பிறகு 'பழிநிலை' என்று சுருக்கலாம். 'மதிப்பிழப்பு' மட்டும் வேண்டாம், ரூபாய் நோட்டுதான் நினைவுக்கு வரும்.

'இக்னோமினியா' வந்தால் அதையும் இதே சொல்லில் அடைக்காதீர்கள். குடிமக்கள் பட்டியலைப் பார்க்கும் ரோம அதிகாரியான சென்சார், ஒருவர் பெயருக்கு எதிரே இடும் குறியால் வருவது அது. அடுத்து வரும் சென்சார்கள் நீக்கிவிடலாம். அதற்கு 'இழுக்கு' போதும்.

நூல்முனை:
'ஃபாமா' என்றால் ஊர்ப்பேச்சு, பெயர். பழிநிலையில் அது காணாமல் போகிறதே?

கல்லெழுத்து:
பேச்சு வேண்டுமானால் நம்மிடம் 'அலர்' இருக்கிறது. அம்பல் வாய்க்குள் முணுமுணுப்பு, அலர் ஊரறிந்த பேச்சு. குறள் 1146-இல் காதலர் கண்டுகொண்டது ஒருநாள்தான். அலரோ திங்களைப் பாம்பு கொண்ட செய்திபோலப் பரவிவிடுகிறது. ஆனால் காதலில் ஊறிய சொல் அது, சட்டக் கட்டுரையில் சிரிப்பு வரும். சட்டம் பேசாத பத்திகளில் 'அவப்பெயர்' போடுங்கள்.

ஊமத்தம்பூ:
ஒன்று விட்டுப்போச்சு. ஆளைக் குறிக்கும் 'இன்ஃபாமிஸ்' வந்தால் 'பழிநிலையாளர்'. செய்தித்தாள் பழக்கத்தில் 'பிரபல திருடன்' என்று எழுதிவிடாதீர்கள். 'பேர்போன' என்பதில் கிண்டல் இருக்கிறது, சட்டநிலை இல்லை.