171 மீற்றர் நாட்டுக்கு உலகப் போட்டி எதற்கு?

வைலேக்காரன் · 20:05

நேற்று வேறொரு திரியில் நோர்வேயில் இருக்கும் நோர்ட்மார்கா அண்ணை எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "ஓரியண்டியரிங் (வரைபடம் பார்த்து வழி தேடி ஓடும் விளையாட்டு) உலகப் போட்டிக்கு முதலில் வேண்டியது நல்ல டெரெய்ன், அதாவது ஓடுகிற நிலம். வேலை செய்ய ஆட்கள் எங்கேயும் கிடைப்பார்கள். டென்மார்க்கின் மொத்த உயரமே 171 மீற்றர். அவர்களுக்கு 2022 இல் போட்டியைக் கொடுத்தது, குளமில்லாத ஊரில் தெப்பத் திருவிழா வைத்த மாதிரி."

வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தெப்பத்தைத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். 2020 இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் 2022 ஜூனுக்குப் போனது. இடையில் பெயர் கொடுத்தவர்களில் சிலர் வீடு மாறிவிட்டார்கள், சிலருக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ஆனாலும் வந்து நின்றோம். அது பட்டணத் தெருக்களில் ஓடுகிற ஸ்பிரிண்ட் போட்டி. எனக்குக் காவலுக்குக் கிடைத்தது ஒரு சந்து. முந்தின இரவு அதன் குறுக்கே கம்பி வேலி கட்டினோம். வரைபடத்தில் அது கடக்க முடியாத வேலி, ஓடுகிறவர் சுற்றித்தான் போகவேண்டும். காலையில் ஒரு பாட்டி நாயோடு வந்தார். நாற்பது வருடமாக இந்த வழியால்தான் பாண் வாங்கப் போகிறேன், நீ யார் மறிக்க என்றார். அவரைச் சமாதானப்படுத்தி, நாயைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பக்கத்தால் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பினால், ஐந்து நிமிடத்தில் முதல் ஆள் பறந்து போகிறான். எந்த மலை இந்த வேலையைச் செய்யும்?

நோர்ட்மார்கா · 20:31

உலகப் போட்டியைப் பற்றிக் கேட்டால் பாண் வாங்கின கதை வருகிறது.

நான் சொன்னது ஒரே ஒரு எண். 171. அதுகூடத் தாராளம், அங்கே ஆக உயரமான மொல்லஹோய் 170.86 தான். 147 மீற்றர் மேடு ஒன்றுக்கு ஹிம்மெல்பியர்கெட், அதாவது வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் சறுக்குகிற இடத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். 1897 இல் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் முதல் பொதுப் போட்டி நடந்த நாளிலிருந்து இது காட்டு விளையாட்டு. சந்து விளையாட்டு இல்லை.

வைலேக்காரன் · 20:40

யிடிங் ஸ்கோவ்ஹோய், 172.54. தெரியாவிட்டால் தேடிப் பாருங்கள்.

நோர்ட்மார்கா · 20:46

தேடிவிட்டுத்தான் கதைக்கிறேன் தம்பி. அது உச்சியில் இருக்கும் வெண்கலக் காலப் புதைமேட்டையும் சேர்த்த கணக்கு. மேட்டைக் கழித்தால் 170.77. மனிதன் கொட்டின மண் கணக்கில் வராது.

வடபழனிவாசன் · 20:52

சென்னையிலிருந்து ஒரு சந்தேகம். வரைபடமும் திசைகாட்டியும் கையில் வைத்துக்கொண்டு, அங்கங்கே வைத்த கொடிகளை வரிசையாகத் தேடி ஓடுகிற விளையாட்டு என்று புரிகிறது. நீங்கள் டெரெய்ன் என்று சொல்வது உயரத்தையா, காட்டையா, ஊரையா? அதை முடிவு செய்துவிட்டுச் சண்டை போட்டால் எங்களுக்கும் பிடிபடும்.

ஃபிளிம்ஸ்மலர் · 21:03

2023 இல் உலகப் போட்டி சுவிஸில் எங்கள் ஃபிளிம்ஸ், லாக்ஸ் பக்கம் நடந்தது. சுமார் 10,000 வருடத்துக்கு முன் மலையே சரிந்து விழுந்த இடம், அல்ப்ஸில் அதைவிடப் பெரிய சரிவு இல்லை. வீடு அளவு பாறைகளுக்கு நடுவே காடு வளர்ந்திருக்கிறது. சரி, மலை தானாகச் சரிந்தது, அதற்கு யாரும் தன்னார்வலரின் மஞ்சள் அங்கி போடவில்லை. ஆனால் அந்தப் பாறை ஒவ்வொன்றையும் நடந்து பார்த்து வரைபடத்தில் குறித்தது யார்? விடியப்புறம் எழும்பிக் கொடி கட்டப் போனது யார்? ஆட்கள் எங்கேயும் கிடைப்பார்கள் என்று எழுதுகிறவர் ஒரு நாள் போய் நின்று பார்த்திருக்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

நோர்ட்மார்கா · 21:10

என் பக்கம் வந்ததற்கு நன்றி அக்கா. மலை சரிய வேண்டுமென்றால் முதலில் மலை வேண்டும். 171 மீற்றரில் எது சரியும்? புதைமேடா?

இப்படிப்பட்ட போட்டிகளுக்கு வரைபடம் வரைகிறவர்களில் பலர் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். காசு வாங்குகிறவரைத் தன்னார்வலர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஃபிளிம்ஸ்மலர் · 21:12

நான் உங்கள் பக்கம் வரவில்லை.

தம்பேரே_தம்பி · 21:24

பின்லாந்திலிருந்து ஒரு வார்த்தை. யூகோலா என்று 1949 இலிருந்து நடக்கிறது. ஓர் அணிக்கு ஏழு பேர், இரவிரவாக மாறி மாறி ஓடுவார்கள். பெண்களுக்கு நான்கு பேர் ஓடும் வென்லா. ஆயிரத்துக்கு மேல் அணிகள். ஒவ்வொரு வருடமும் புது இடம், அதாவது ஒவ்வொரு வருடமும் ஒரு வெறும் வயலில் ஊரைக் கட்டிப் பிறகு பிரிக்கவேண்டும். சமையல், சவுனா, குடிதண்ணீர், கக்கூஸ் எல்லாம். இங்கே அதற்குப் பெயர் தால்கோத், சேர்ந்து சும்மா வேலை செய்வது. மலையைப் பார்த்து யாரும் வருவதில்லை. எங்களுக்கு ஹால்தி என்று ஒரு மலை இருக்கிறது, அதன் உச்சியும் நோர்வேக்குள்.

பின்லாந்து சுதந்திரத்தின் நூறாவது ஆண்டுக்கு அந்த உச்சியை எங்களுக்குப் பரிசாகக் கொடுக்கச் சொல்லி உங்கள் ஆட்களே கேட்டார்கள். அப்போது உங்கள் பிரதமராக இருந்த எர்னா சோல்பர்க் அரசியல் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டார். கொஞ்ச மீற்றர் கல்லைத் தர மனமில்லாதவர்கள் மற்றவன் மேட்டை அளக்கிறார்கள்.

நோர்ட்மார்கா · 21:33

நாட்டின் நிலத்தை வெட்டிக் கொடுக்க அது கல்யாண மொய் இல்லை. திரியைத் திசை திருப்பாதீர்கள். கேள்வி 171.

வைலேக்காரன் · 21:41

சரி, எண்ணுக்கே வருகிறேன். உலகக் கூட்டமைப்பின் விதிப்படி ஓட்டத்தின் மொத்த ஏற்றம் வழக்கமாக நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பத்துக் கிலோமீற்றர் என்றால் 400 மீற்றர். உங்கள் மலையை வைத்துக்கொண்டு நீங்களே அதைச் சுற்றித்தான் ஓட வேண்டும்.

நோர்ட்மார்கா · 21:44

400. உங்களிடம் 171. கழித்துப் பாருங்கள்.

வைலேக்காரன் · 21:45

மொத்த ஏற்றம் அண்ணை! ஒரே மேட்டில் மூன்று தரம் ஏறி இறங்கினாலும் மொத்தம்தான்!

நோர்ட்மார்கா · 21:47

ஒரே மேட்டில் மூன்று தரம். நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதைச் சேமித்து வைக்கிறேன்.

தம்பேரே_தம்பி · 21:50

2019 இல் நோர்வே நடத்தியபோது எங்கே வைத்தார்கள்? 2469 மீற்றர் கல்தஹோப்பிக்கனிலா? இல்லை, ஓஸ்ட்ஃபோல்டில். நோர்வேயிலேயே தட்டையான பக்கம். ஏன்? அங்கே மலை இல்லை, ஆனால் பாறையும் சதுப்பும் சின்னச் சின்ன மேடும் நெருக்கமாக, வழி பிடிபடாத மாதிரி இருக்கின்றன. நல்ல டெரெய்ன் என்றால் அதுதான்.

நோர்ட்மார்கா · 21:58

தட்டையான பக்கம் என்றாலும் நோர்வேயின் தட்டை. அதற்கும் டென்மார்க்கின் தட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வைலேக்காரன் · 22:02

அப்புறம் இன்னொன்று. 2022 இல் ஆண்கள் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கியது யார்? உங்கள் காஸ்பர் ஃபொஸ்ஸர். குளமில்லாத ஊர்த் தெப்பத்தில் ஏறி உட்கார்ந்து பரிசு வாங்கிக்கொண்டு போனவர் உங்கள் ஆள். திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நோர்ட்மார்கா · 22:09

ஃபொஸ்ஸர் காட்டில் வளர்ந்ததால்தான் சந்திலும் வென்றார். 2021 இலும் 2023 இலும் நீள ஓட்டத்தில் தங்கம் வாங்கியது காட்டில். சந்தில் வளர்ந்தவன் காட்டில் வென்றதைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆட்கள் விஷயத்துக்கும் வருகிறேன். மூன்று வருடம் ஒரு கிளப்பில் என்னை வாகனம் நிறுத்துகிற இடத்தில் விட்டார்கள். மூன்று வருடமும் மழை. வயலில் சக்கரம் புதைந்து, ட்ரக்டர் வந்து இழுத்து, சேறு முழுக்க என் முகத்தில். ஓடுகிற பிள்ளைகளை ஒரு நாள் கண்ணால் காணவில்லை. இதற்கு இங்கே டுக்னாட் என்று புனிதமான பெயர். வராவிட்டால் தண்டம் கட்டவேண்டும். வந்தால் நம்முடைய மணித்தியாலத்துக்குக் கிளப்புக்குக் காசு போகும், நமக்கு ஒரு வாஃபில். அந்தக் காசும் போதாதென்று வீடு வீடாகக் கக்கூஸ் பேப்பர் விற்க விட்டார்கள். என் மனைவியின் மாமா வீட்டில் இன்னமும் 48 ரோல் இருக்கிறது. இதைத் தன்னார்வம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஃபிளிம்ஸ்மலர் · 22:15

இப்போது விளங்குகிறது. பிரச்சினை டென்மார்க்கில் இல்லை, பார்க்கிங்கில்.

நோர்ட்மார்கா · 22:16

பிரச்சினை 171 இல்.

வைலேக்காரன் · 22:30

அண்ணைக்கு நோர்வேயில் காடு பிறப்புரிமை. யாருடைய காட்டிலும் நடக்கலாம். டென்மார்க்கில் தனியார் காடு என்றால் பாதையை விட்டுக் காலை எடுத்து வைக்கக்கூடாது. பாதையை விட்டு விலகுவதுதானே இந்த விளையாட்டு? அதனால் ஒரு சாதாரண கிளப் ஓட்டத்துக்கும் உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். எங்கள் கிளப்பில் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர் இருக்கிறார், அந்த வேலை அவருடையது. எந்த வீட்டில் கோப்பி குடிக்கவேண்டும், எந்த வீட்டில் வேட்டைக் காலம் முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும், எந்தக் கிழவனுக்கு போன வருடம் மிதிபட்ட நாற்றுக்காக இன்னும் கோபம் என்பதெல்லாம் அவர் தலைக்குள். அவர் காய்ச்சலில் படுத்தால் எங்களுக்குக் காடு இல்லை. ஆட்கள் இல்லாவிட்டால் காடே இல்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

போட்டிக்கு இடம் குறித்துவிட்டால் போட்டியாளர்கள் அதற்குள் காலே வைக்கக்கூடாது. எங்கள் விஷயத்தில் அது பட்டணம். நாங்கள் தினமும் மரக்கறி வாங்குகிற தெருவுக்கு அந்தப் பிள்ளைகள் வர முடியாது. 2020 இலிருந்து தள்ளிப் போனபோது அந்தத் தடையும் நீண்டது. ஊரே அதைக் காத்தது.

நோர்ட்மார்கா · 22:41

தபால்காரருக்கு என் வணக்கம். அவர் கோப்பி குடித்தால் 171 ஆனது 172 ஆகுமா?

தம்பேரே_தம்பி · 22:44

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நோர்ட்மார்கா · 22:45

யாரைச் சொல்கிறீர்கள்? 2011 இல் 40 வயதுப் பிரிவில் மாவட்டத்தில் நான்காவதாக வந்தவன் நான். நீங்கள் எத்தனையாவது?

தம்பேரே_தம்பி · 22:47

எத்தனை பேர் ஓடினார்கள்?

நோர்ட்மார்கா · 22:53

அது இங்கே தேவையில்லாத கேள்வி.

ஃபிளிம்ஸ்மலர் · 23:01

ஆட்கள் அளவுக்கு மிஞ்சி உதவினாலும் ஆபத்து என்று ஒரு பகிடிக்குச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன். 2019 இல் வூஹானில் நடந்த இராணுவ உலக விளையாட்டில் உள்ளூர் அணிக்குப் பார்வையாளர்கள் உதவினார்கள், காட்டில் அடையாளங்கள் இருந்தன, அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒற்றையடிப் பாதைகளும் இருந்தன. மற்ற நாடுகள் முறையிட்ட பிறகு, அந்த அணியின் முடிவுகளை ரத்துச் செய்தார்கள். டெரெய்னும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள்.

நோர்ட்மார்கா · 23:08

அக்கா சொன்னது முக்கியமான விஷயம். ஆட்களை நம்பினால் இப்படித்தான். மலை பொய் சொல்லாது.

மட்டுறுத்துநர் · 23:15

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ஒருவர் ஒரே எண்ணைப் பதினைந்து தரம் எழுதியிருக்கிறார் என்று முறைப்பாடு வந்திருக்கிறது.

நோர்ட்மார்கா · 23:17

பதினைந்து இல்லை. முறைப்பாடு செய்தவர் எண்ணக் கற்றுக்கொள்ளட்டும். மேட்டைச் சேர்த்து எண்ணியிருப்பார்.

வடபழனிவாசன் · 23:20

என் கேள்விக்கு யாராவது?

வைலேக்காரன் · 23:26

ஆட்களும் மண்ணும் ஒன்றாய்ச் சேர்ந்ததுதான் யிடிங் புதைமேடு. நாலு பேர் கூடி மண் சுமந்து உயர்த்தியது. வெண்கலக் காலத்திலேயே எங்கள் ஊரில் தன்னார்வலர் இருந்திருக்கிறார்கள். 172.54.

நோர்ட்மார்கா · 23:29

அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

170.86. நாளைக்கு வேலை முடிந்து வந்து உயரக்கோடுகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். 5 மீற்றர் இடைவெளியில் வரைந்தால் டென்மார்க்குக்கு மொத்தம் 34 கோடு. அதற்குள் யாராவது ஒஸ்லோப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், 48 ரோல் இருக்கிறது.