கீமோ வாந்தி: மூன்றாம் நாள்தான் கவனம் (மூவரின் அனுபவம்)

பெரம்பூர் மகள்:
மார்பகப் புற்றுநோய்க்கு முதல் கீமோ ஏற்றுவதற்கு முன் என் அம்மாவிடம் டாக்டர், "மசக்கையில் வாந்தி அதிகம் இருந்ததா, பஸ்ஸில் குமட்டுமா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குக் கீமோவிலும் வாந்தி வர வாய்ப்பு அதிகமாம். அம்மாவுக்கு ஏற்றிய சிவப்பு மருந்தும் அதனுடன் தரும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்தாலே வாந்தியைக் கிளப்பும் ரகம்தான். அதனால் மருந்து இறங்குவதற்கு முன்பே வாந்தியைத் தடுக்க அப்ரெபிடன்ட் 125 மில்லிகிராம், பாலோனோசெட்ரான் ஊசி, டெக்சாமெதசோன் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு அம்மா இட்லி சாப்பிட்டார்.

பார்க்க வந்த பெரியம்மா, "வாந்தியே இல்லை, இத்தனை மாத்திரை எதற்கு?" என்றார். அம்மாவுக்கு அக்கா சொல்வதுதான் வேதம். அடுத்த இரண்டு நாளுக்கான 80 மில்லிகிராம் அப்ரெபிடன்ட் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. முதல் நாள் வாந்திக்குக் குடலில் சுரக்கும் செரடோனின் முக்கியக் காரணம். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வருவதில் மூளையில் வேலை செய்யும் இன்னொரு பொருளுக்குப் பங்கு அதிகம், அதைத் தடுப்பதுதான் அப்ரெபிடன்ட் என்று நர்ஸ் விளக்கினார். அடுத்த முறை பெரியம்மாவே மாத்திரையும் தம்ளருமாக நின்றார்!

சைதாப்பேட்டை:
அப்பாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. இரவில் ஓலன்சபின் எழுதியிருந்தார்கள். மருந்துக் கடைக்காரர் "இது மனநோய்க்குத் தருவதாயிற்றே" என்று சொல்லப்போக, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமட்டலுக்கும் குறைந்த அளவில் கொடுப்பார்கள் என்று டாக்டரே போனில் பேச வேண்டியிருந்தது. அதன் பிறகு குமட்டல் நன்றாகவே அடங்கியது. ஆனால் தூக்கம் ஆளைச் சாய்த்துவிடும். இரவில் கழிவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். சர்க்கரை உள்ளவர்கள் டெக்சாமெதசோன் எடுக்கும்போது அடிக்கடி பரிசோதியுங்கள், அப்பாவுக்கு ஏறிவிட்டது. வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலும் தரும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வடபழனி (நானே நோயாளி):
எனக்கு மருந்து ஏறுவதற்கு முன்பே வாந்தி. ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தாலே, ஸ்பிரிட் வாடை வந்தாலே குமட்டும். முந்தைய சுற்றுகளில் பட்ட அவதியை உடம்பு நினைவில் வைத்துக்கொள்வதாம். முந்தின இரவும் அன்று காலையும் பதற்றம் தணிக்கும் லோராசெபம் கொடுத்தார்கள், ஓரளவு குறைந்தது.

சாப்பாட்டில் தாளிக்கும் வாசனைதான் எனக்கு எதிரி. ஆறிய தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் கொஞ்சமாக மோர், இவை இறங்கின. கீமோ அன்று பிடித்த பதார்த்தம் எதுவும் வேண்டாம். அன்று சாப்பிட்ட வத்தக்குழம்பு எனக்கு இன்றுவரை ஆகவில்லை. இஞ்சிச்சாறு ஆளாளுக்குச் சொன்னார்கள். குடித்தேன், மாத்திரையை விடவில்லை.

தண்ணீர் நிற்காமல் சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.