செடி, மரம் உங்கள மிரள வைச்ச ஒரு சம்பவம் சொல்லுங்க

வாவிக்கரையான்:
வாவிக்கரைச் சேத்தில வளர்ற கண்ணா மரத்துக்குக் கீழ சேத்தக் கிழிச்சுக்கொண்டு நிமிந்து நிக்கிற வேர் எல்லாருக்கும் தெரியும். காலில குத்து வாங்காத ஆக்கள் இஞ்ச குறைவு. சேத்துக்குள்ள காத்தில்ல, அதால வேர் மேல வந்து மூச்சு விடுது. அத விடுங்க, எனக்கு மறக்காதது இலை. மட்டக்களப்பு வாவியில நாவலடிப் பக்கம் மாமாவோட தோணியில போகக்குள்ள ஒரு இலைய முறிச்சு நீட்டி, "நக்கிப் பாரு மருமகன்" எண்டார். தனி உப்பு! வெயிலுக்குப் பிடிச்சுப் பார்த்தா இலை முழுக்க வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு. வேர் பெரும்பகுதி உப்ப வாசலிலேயே மறிச்சிரும், தப்பி உள்ள வந்தத இலை வெளிய தள்ளுது. மாரியில நக்கினா ஒண்டும் தெரியாது, மழை கழுவிப் போடும். பக்கத்தில முட்டுக்கால் ஊண்டி நிண்ட கண்டல் மரத்திட இலையையும் நக்கினன். அதில அப்பிடிப் பூக்கிறதில்ல.

உங்கட கதைகளையும் போடுங்க.

படுவான்கரைப் பொடியன்:
தில்லை மரம். அண்ணன் கம்பு வெட்டப் போய்க் கத்தி போட்ட உடன கண்ணில பால் தெறிச்சிது. சட்டை நுனியால துடைச்சார். பொழுது பட முதல் ரெண்டு இமையும் வீங்கி மூடிட்டு. எனக்கு அப்ப சின்ன வயசு. அவ்வளவு பெரிய மனிசன் என்ட தோளத் தடவித் தடவிப் பிடிச்சுத் தோணியில ஏறினத நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி. கண் பிறகு சுகமாயிட்டு. இலை தின்ன வாற பூச்சிக்காக வைச்சிருக்கிற பாலாம், மனிசனுக்கு ஏன் இந்தப் பாடு?

ஆரையம்பதி அக்கா:
தம்பி, துடைச்சதுதான் பிழை. துடைக்கவும் கூடாது, கசக்கவும் கூடாது. இமையத் திறந்து பிடிச்சு நல்ல தண்ணிய 15, 20 நிமிசம் ஓட விடோணும். வாவித் தண்ணி இல்ல, குடிக்கிற தண்ணி. தாய்ப்பால் விடுறது, தேன் விடுறது, பச்சிலை பிழியிறது ஒண்டும் வேணாம். கழுவின கையோட ஆஸ்பத்திரிக்குப் போங்க, "விடியப் பார்ப்பம்" எண்டு படுக்காதீங்க. தில்லைய விறகா எரிச்சாப் புகையும் கண்ணுக்குக் கூடாது. கள்ளிக்கும் இதே கதைதான். எருக்கலை இன்னும் மோசம், ஏனெண்டா அது பல பேருக்கு நோகவே நோகாது. மங்கல் மட்டும்தான் இருக்கும், அதால சனம் பேசாம இருந்திரும். பிள்ளையாருக்கு எருக்கலம்பூ ஆய்ஞ்ச என்ட மச்சாள், அடுத்த நாள் விளக்கச் சுத்தி வளையம் தெரியுது எண்டாள். என்ட கதை அவ்வளவுதான்.

சம்மாந்துறை வட்டை:
நெல்லுப் பூத்ததக் கிட்டப் பார்த்தவங்க எத்தனை பேர்? காலையில 9 மணிக்குப் பிறகு உமி ரெண்டா வாய் திறக்கும். உள்ள இருந்து ஆறு மகரந்தப் பை நூலில தொங்கும், காத்தடிச்சாத் தூள் பறக்கும். ஒரு மணித்தியாலம் போல, மறுகா மூடிரும். மூடினா அந்த மணி திரும்பத் திறக்கவே மாட்டாது. "பூக்கிற வயலுக்குள்ள காலையில இறங்காத" எண்டு வாப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தார்.

போன சிறுபோகம், அதான் வெயில் காலத்து வெள்ளாமை, வரம்புக்கு அங்கால வயல்காரன் சரியாப் பத்து மணிக்கு மிசினத் தோளில போட்டுக்கொண்டு மருந்தடிக்க இறங்கினான். கூப்பிட்டுச் சொன்னம், கையக் காட்டிட்டுப் போறான். அறுவடை கிட்டக்குள்ளயும் அவன்ட கதிர் நிமிந்து நிக்குது. மணி நிரம்பினாத்தானே தலை குனியும்? பாதிக்கு மேல சப்பி, உள்ள அரிசியில்லாத வெறும் நெல்லு.

வவுணதீவான்:
மருந்து மேல மட்டும் பழி போடாதீங்க. சிறுபோகத்தில வறண்டு சூடா அடிக்கிற கச்சான் காத்து என்ன செய்யும் எண்டு தெரியாதா? பூக்கிற நேரம் வெப்பம் 35 பாகையத் தாண்டினா மகரந்தம் கெட்டுரும், வாய் திறந்தும் பிரயோசனமில்ல. கதிர் வெளிய வர முதல், குடலையில தண்ணி குறைஞ்சாலும் சப்பிதான். கதிருக்கு மேல நிக்கிற கடைசி இலையப் பார்த்தீங்களா? மணிக்குள்ள போற மாவில பெரும்பங்கு மேல் இலைகள் சமைக்கிறது. அது கருகினா மணி எங்க நிரம்பிற? கதிரப் பிடிச்சு இழுத்தும் பாருங்க, லேசாக் கையோட வந்தாத் தண்டுக்குள்ள புழு.

கல்லடித் தென்னை:
வெள்ளாமைச் சண்டைக்குள்ள நான் ஒண்டு சொல்லிட்டுப் போறன். 1978 நவம்பர் 23 சூறாவளியில எங்கட வளவு மொட்டை. மா மரம் இடுப்பளவு கட்டையா நிண்டது, பிறகு பக்கத்தால துளிர்த்து அம்மம்மா காலத்திலேயே திரும்பக் காய்ச்சிது. வட்டு, அதான் ஓலை நிக்கிற தலைப்பகுதி, முறிஞ்ச தென்னைகள் நிண்ட நிலையிலேயே பட்டுப் போச்சு. தென்னைக்கு உயிர் உச்சியில இருக்கிற அந்த ஒரு குருத்து, மாத்துக்கு வேற மொட்டில்ல. அம்மம்மா அது தெரியாம ஒவ்வொரு தென்னைக்கும் வாளியில தண்ணி ஊத்தினாவாம். அம்மா இதச் சொல்லாத வருசமில்ல.

சம்மாந்துறை வட்டை:
வவுணதீவான், இழுத்துப் பார்த்தம், கதிர் வரல்ல. தண்ணியும் ஒரே வாய்க்கால்தான். கச்சான் எண்டா அவன்ட வயலுக்கு மட்டுமா அடிச்சிது? எங்கட கதிர் குனிஞ்சுதான் நிண்டது.

வவுணதீவான்:
ஒரே நாளா விதைச்சீங்க? ஒரே நெல்லா? ஒரு கிழமை முந்திப் பூத்தாலே கச்சானுக்குத் தப்பலாம். விதைச்ச திகதியப் போடுங்க, மறுகா கதைப்பம்.